வேர்ட்வால்: 9 பிள்ளைகளோடு ஓராண்டு

சனிக்கிழமை இரவு 7:30 மணிக்குக் கும்பகோணத்தில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறப்பேன். டாலஸில் அப்போது காலை 9, டொரண்டோவில் 10. நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்த பிறகு எனக்கு அது 8:30 ஆகிவிடும். ஜூமில் தமிழ் வகுப்பு, திரையில் 9 பிள்ளைகள். சின்னவளுக்கு 7 வயது, பெரியவனுக்கு 11.

பள்ளிக்கூடத்தில் 22 வருடம் தமிழ் நடத்தியவள் நான். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாலும் கடைசி பெஞ்சில் யார் பராக்குப் பார்க்கிறார்கள் என்று சத்தத்தை வைத்தே தெரிந்துவிடும். ஜூமில் அந்தச் சத்தம் கிடையாது. மைக்கை அணைத்துவிட்டுத் தலையை ஆட்டுகிற பிள்ளை கேட்கிறதா, வேறு ஏதாவது பார்க்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான் வேர்ட்வாலுக்குச் சந்தா கட்டினேன். ஆசிரியர்கள் வகுப்புக்கான விளையாட்டுகளைத் தாங்களே செய்துகொள்ள உதவும் இணையதளம் அது. இதை அளக்க என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் வாய் திறந்து தமிழில் எத்தனை வாக்கியம் சொல்கிறது? பெயருக்கு எதிரே நோட்டில் கோடு போட்டு எண்ணுவேன்.

ஒரு தடவை சொற்களையும் படங்களையும் ஏற்றிவிட்டால் அதையே பொருத்துக, வினாடி வினா, பெட்டி திறத்தல் என்று வேறு வேறு விளையாட்டாக மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகள் அந்தத் தளத்தில் தனிக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, நான் அனுப்பும் இணைப்பைத் தட்டினால் போதும். தமிழ்த் தட்டச்சு தெரியாத பிள்ளைகளுக்கு இழுத்துப் போடுகிற விளையாட்டுதான் ஒத்துவரும். எழுத்தடிக்கச் சொன்னால் பாதி நேரம் விசைப்பலகையிலேயே போய்விடும்.

ஆனால் நான் இதைக் கொண்டாடுவது சுழல் சக்கரத்துக்காக. இரண்டு சக்கரம் வைத்திருக்கிறேன், ஒன்றில் பிள்ளைகளின் பெயர், மற்றதில் கேள்வி. டீச்சர் கூப்பிட்டால் ஒளிந்துகொள்ளும் பிள்ளை, சக்கரம் தன் பெயரில் நின்றால் சிரித்துக்கொண்டே மைக்கைத் திறக்கிறது. வந்த பெயரை நீக்கிவிடலாம் என்பதால் யாருக்கும் முறை விட்டுப்போகாது. முன்பு வகுப்புக்கு இரண்டு வாக்கியம் பேசினாலே அதிகம் என்றிருந்த டாலஸ் பையன் இப்போது பத்துக்குக் குறைவதில்லை.

அடுத்தது பேச்சு அட்டை. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல ஒவ்வொரு படமாக வரும். இதன் அருமை எனக்குப் புரிந்தது வேர்க்கடலைப் படம் வந்த அன்று. டாலஸ் பையன் "வேர்க்கடலை" என்றான். டொரண்டோச் சிறுமியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து போனது, அவள் "கச்சான்" என்றாள். அடுத்து பப்பாளி வந்தது, அவளுக்கு அது "பப்பாசிப்பழம்". தர்பூசணிக்கு "வத்தகப்பழம்". மற்ற பிள்ளைகள் அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். அன்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதற்கு முந்தைய மாதம் வேறொரு வினாடி வினாச் செயலியில் இதே படத்துக்கு நான்கு விடை கொடுத்திருந்தேன். கச்சானை நான் சேர்க்கவில்லை. அவள் எதை அமுக்கினாலும் சிவப்பு வந்திருக்கும், வந்தது. வீட்டில் அம்மம்மா சொல்லித் தந்த சொல்லுக்கு என் வகுப்பில் இடமில்லை என்று அந்தக் குழந்தைக்குத் தோன்றியிருக்குமே என்று நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை. அந்தச் செயலி சீக்கிரம் அமுக்குகிறவருக்குக் கூடுதல் மதிப்பெண் தருவது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை கேள்வியை முடிப்பதற்குள் மற்றவர்கள் கொண்டாடத் தொடங்கிவிடுவார்கள். மொழி கற்கும் பிள்ளைக்கு அந்த அவசரம் ஆகாது என்பது என் உறுதியான எண்ணம். படித்து முடித்த பாடத்தை ஒருமுறை அசைபோட, வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. எழுத்தைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லும் விளையாட்டு ஒன்றை வேறோர் இடத்தில் முயன்றேன். அம்மா என்பதற்கு மூன்று கட்டம் வர வேண்டும், ஐந்து வந்தது. கணினிக்கு அது அ, ம, புள்ளி, ம, துணைக்கால். தமிழ் எழுத்துகளை ஒருங்குறியில் (யூனிகோடில்) அப்படித்தான் குறித்து வைக்கிறார்கள். மெய் எழுத்தாக ஒரே கட்டத்தில் வர வேண்டிய ம் இரண்டாக உடைந்து, புள்ளி மட்டும் புள்ளிகளாலான ஒரு வட்டத்தின் தலையில் தனியாக நின்றது. "டீச்சர், இந்த வட்டம் என்ன எழுத்து?" என்று சின்னவள் கேட்டாள். 247 எழுத்திலும் இல்லாத ஒன்றை எப்படி விளக்குவது?

வேர்ட்வாலில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். வாக்கியத்தைக் கலைத்துப் போட்டுச் சொற்களை வரிசைப்படுத்தச் சொல்லும் விளையாட்டு அதில் உண்டு. அது இடைவெளியைப் பார்த்துத்தான் பிரிக்கும். அதனால் 'கொ க் கு', 'க ப் ப ல்' என்று எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு ஏற்றினேன். ஒவ்வோர் எழுத்தும் முழுசாகத் தன் கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. கொக்கின் கொம்பும் காலும் பிரியவில்லை. இப்போது வாரம் பத்துச் சொல் இப்படி ஏற்றுகிறேன்.

ல, ள, ழ வேறுபாட்டுக்கு வகைப்படுத்தும் விளையாட்டு. தலை, தளை, தழை என்று நான் சொல்லச் சொல்ல, பிள்ளை காதால் கேட்டு அந்தந்தக் கூடைக்குள் இழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகு தானும் ஒருமுறை சொல்ல வேண்டும், இது நான் வைத்த விதி. வீட்டுப்பாடமாகவும் அனுப்பலாம், எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தடுமாறினார்கள் என்று காட்டும். அச்செடுக்கவும் வசதி உண்டு.

இலவசக் கணக்கில் சில விளையாட்டுகள்தான் செய்ய முடியும். சக்கரம் உங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க அதுவே போதும். சந்தா பிறகு கட்டலாம். பொதுவில் கிடக்கும் தமிழ் விளையாட்டுகளை அப்படியே எடுத்து நடத்தாதீர்கள். ஒற்றுப்பிழை இருக்கும், ஒரு தடவை படித்துத் திருத்திவிட்டுக் கொடுங்கள்.

என் சக்கரத்தில் இப்போது சுற்றும் கேள்விகளில் சில: உங்க வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்ததும் முதல்ல என்ன தெரியும்? பாட்டியோ அம்மம்மாவோ ஃபோன்ல முதல்ல என்ன கேட்பாங்க? உனக்குப் பிடிக்காத காய் எது, அதை எப்படி ஒளிச்சு வைப்பே? கடைசிக் கேள்விக்கு யாரும் ஒரு வாக்கியத்தில் நிறுத்தியதே இல்லை.