உயிலுக்கும் பவருக்கும் நடுவே: நோயுற்ற குரு விலகுவதா, இளையவருக்குப் பட்டம் கட்டுவதா?

மடத்தின் தலைவர் படுக்கையில் விழுந்தால் வாசலில் நிற்கும் பக்தர்கள் அவர் உடல்நிலையைக் கேட்கிறார்கள். உள்ளே மடத்தின் நிர்வாகியான காறுபாறு காசோலைப் புத்தகத்தோடு நிற்கிறார். பண்ணை ஆட்களுக்குக் கூலி, பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரிசி, நாளை மறுநாள் வாய்தாவுக்கு வக்காலத்து என எல்லாவற்றுக்கும் தலைவரின் கையெழுத்து வேண்டும். அவர் விலக வேண்டுமா என்ற கேள்வியைப் பக்தி, மரியாதை என்ற அளவிலேயே பேசி முடித்துவிடுகிறோம். அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் கையெழுத்துதான்.

வழிகள் மூன்று. உயிருள்ளவரை நீடிப்பது ஒன்று. வயது வரம்பு வைத்து ஓய்வு பெறுவது இன்னொன்று. பட்டத்தில் இருந்தபடியே அடுத்த தலைவராக வரப்போகும் இளையவருக்கு அபிஷேகம் செய்து பொறுப்பை ஒப்படைப்பது மூன்றாவது. மதுரையைச் சுற்றியே மூன்றையும் பார்க்கலாம். சைவ மடங்களுக்கு மூன்றாவதே பொருத்தம் என்பது எங்கள் முடிவு. ஆனால் மேடையில் அறிவித்து மாலை போடுவதோடு அது நின்றுவிடக் கூடாது; தேதி போட்ட பத்திரமாக இருக்க வேண்டும்.

முதல் வழிக்கு உள்ள பலம் எல்லோரும் அறிந்ததே. குருவின் நோயே சீடனுக்குப் பாடம் என்பார்கள். திருச்சுழியில் பிறந்து மதுரையில் படித்த ரமணருக்கு 1948 இறுதியில் இடக்கையில் கட்டி வந்தது. பலமுறை அறுத்தும் திரும்ப வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை அவர் தரிசனத்தை நிறுத்தவில்லை. திருத்தந்தை (போப்) இரண்டாம் அருள் சின்னப்பரும் நடுக்குவாத நோயோடு பல ஆண்டுகள் பணியாற்றி 2005-இல் பதவியிலேயே இறந்தார். ஆனால் ரமணரை முதல் வழிக்குச் சாட்சியாக நிறுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆசிரம நிர்வாகம் அதற்கு வெகுகாலம் முன்பே தம்பி நிரஞ்சனானந்தரின் கையில் இருந்தது. 1938-இல் உயிலும் எழுதப்பட்டுவிட்டது. நோயில் கிடந்தவர் தரிசனம் மட்டுமே தந்தார். கணக்கு வழக்கு எதுவும் அவர் கட்டிலுக்கு வரவில்லை.

இரண்டாவது வழியைக் கத்தோலிக்கத் திருச்சபை நன்றாகவே ஒழுங்கு செய்து வைத்திருக்கிறது. திருச்சபைச் சட்டம் 401-இன்படி 75 வயது நிறைந்த ஆயர் (பிஷப்) பதவி விலகல் கடிதம் தர வேண்டும். அதை ஏற்பது திருத்தந்தையின் முடிவு. நோயால் பணி செய்ய முடியாவிட்டால் 75 வரை காத்திராமல் விலகும்படி அதே சட்டம் வலியுறுத்துகிறது. மதுரைப் பேராயர் அந்தோணி பாப்புசாமிக்கு 2024-இல் 75 நிறைந்தது. 2025-இல் பாளையங்கோட்டை ஆயராக இருந்த அந்தோணிசாமி சவரிமுத்து அந்தப் பொறுப்புக்கு வந்தார். தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர்களுக்கு 67. வயது வந்தால் விலகல் என்பதால் யாருக்கும் அவமானம் இல்லை. 'அவரை இறக்கிவிட்டார்கள்' என்ற பேச்சு எழாதது இதன் பெரிய நன்மை.

அந்த ஏற்பாட்டிலும் உச்சியில் ஓர் ஓட்டை உண்டு. திருத்தந்தைக்கு வயது வரம்பு கிடையாது. 16-ஆம் பெனடிக்ட் 2013 பிப்ரவரியில், 85 வயதில், தாமாகவே விலகினார். தலைவர் நினைவிழந்து கிடந்தால் என்ன செய்வது? அதற்குத் தனிச்சட்டம் பின்பற்றப்படும் என்று அதே திருச்சபைச் சட்டத்தின் 335-ஆம் எண் சொல்கிறது. அந்தத் தனிச்சட்டம் எழுதப்படவே இல்லை. அதனால்தான் பிரான்சிஸ், மருத்துவக் காரணத்தால் தம்மால் இயங்க முடியாமல் போனால் பயன்படட்டும் என்று பதவியேற்ற தொடக்கத்திலேயே ஒரு விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். 2022-இல் அதை அவரே வெளியில் சொன்னார். கடைசியில் அது தேவைப்படவில்லை; 2025 ஏப்ரல் 21 அன்று 88 வயதில் பதவியிலேயே காலமானார்.

சைவ மடத்துக்கு இந்த வயது வரம்பை அப்படியே கொண்டுவர முடியாததற்கு இரண்டு காரணங்கள். ஓய்வுபெற்ற ஆயருக்குத் தங்குமிடமும் பராமரிப்பும் மறைமாவட்டத்தின் பொறுப்பு. துறவியான சன்னிதானத்துக்கு, அதாவது மடத் தலைவருக்கு, மடத்தை விட்டால் வேறு வீடு இல்லை. துறவுக்கு முந்தைய பூர்வாசிரம உறவுகளிடம் திரும்பவும் முடியாது. அடுத்தது தீட்சை. அவர் கையால் தீட்சை பெற்றவனுக்கு அவர் எந்நாளும் குரு. அந்த உறவுக்கு 75-ஆம் வயதில் முடிவு தேதி போட முடியாது.

இனி கையெழுத்துக்கு வருவோம். இளையவர் வேண்டாம், தேவைப்பட்டால் தமக்காக வேறொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் ஒரு பவர் பத்திரம் எழுதிக்கொள்ளலாம், உயிலும் இருக்கிறதே என்று சொல்பவர்கள் அதிகம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துபோகிறது. உயிலோ அவர் இறந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். பக்கவாதம் வந்து நினைவு தப்பிய நாளிலிருந்து சமாதி நாள் வரை பவரும் இல்லை, உயிலும் இல்லை. மடம் சிக்கிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். அது பத்து நாளாகவும் இருக்கும், நாலு வருஷமாகவும் இருக்கும்.

அந்த நிலைக்கு முன்பே தொல்லை தொடங்கிவிடும். கை நடுங்கினால் மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தாமல் காசோலை திரும்பும். கைநாட்டுக்கு வங்கியில் வழி உண்டு: வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலர். இது நினைவு தெளிவாக இருப்பவருக்கு மட்டும். அவசரத் தேவைக்கு உதவும், மாதாமாதம் நிர்வாகம் நடத்த உதவாது. பத்திரப் பதிவுக்குத் தக்க காரணம் காட்டினால் சார்பதிவாளர் இருக்குமிடத்துக்கே வருவார். அவரிடமும் தலைவர் 'இது நான் எழுதிக் கொடுத்ததுதான்' என்று தாமே சொல்ல வேண்டும்.

இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வங்கி, வருமான வரி இரண்டின் ஓடிபியும் தலைவரின் கைபேசிக்கு வரும். அந்தக் கைபேசி இருப்பது பணிவிடை செய்யும் அணுக்கத் தொண்டரிடம். தலைவர் படுத்துவிட்டால் பட்டம் இல்லாமல், தீட்சை இல்லாமல், அந்தத் தொண்டரே மடத்தை நடத்தத் தொடங்கிவிடுகிறார். அவர் நல்லவராகவே இருந்தாலும் இது முறையல்ல.

இளையவருக்குப் பட்டம் கட்டும் வழி இந்த இடைவெளியை அடைக்கும், சடங்கோடு பத்திரமும் சேர்ந்தால். செய்ய வேண்டியவை இவை. தலைவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே நியமனப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். 'எனக்குப் பின்' என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. இன்ன தேதி முதல் வங்கி, குத்தகை, வழக்கு ஆகியவற்றில் இளையவர் கையெழுத்திடலாம் என்று அந்தப் பதவியின் அதிகாரமாகவே எழுத வேண்டும். பழைய மரபும் மடத்தின் ஆவணங்களும் அதற்கு இடம் தருகின்றனவா என்று வழக்கறிஞர் பார்த்துவிட வேண்டும். அன்றைய தேதியிலேயே இரண்டு மருத்துவர்கள், ஒருவர் மனநலம் அல்லது நரம்பியல் சார்ந்தவர், நினைவுத் தெளிவுக்குச் சான்று தர வேண்டும். சாட்சிகளாக மடத்தில் சம்பளம் வாங்குபவர்கள் கூடாது.

வங்கியில் இருவர் கையெழுத்தையும் பதிந்து, குறிப்பிட்ட தொகைவரை எவரேனும் ஒருவர், அதற்கு மேல் இருவரும் என்று வைக்கலாம். ஆனால் ஒருவரால் முடியாது என்று மருத்துவச் சான்று வந்தால் மற்றவர் மட்டும் போதும் என்ற வரியும் அதில் வேண்டும். இந்த வரியை விட்டுவிட்டால் பெரிய தொகை எல்லாம் முடங்கிப்போகும். நகைகளை எடை போட்டு, படம் எடுத்து, பட்டியலில் இருவரும் ஒப்பமிட்டு இரட்டைப் பூட்டில் வைக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை, விற்பனை, அடமானம் எதற்கும் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அது; இளையவர் வந்தாலும் மாறாது. ஒடுக்கத்தில், அதாவது தலைவரின் தனி இருப்பிடத்தில், அவரே செய்யும் ஆன்மார்த்த பூஜையையும் அப்போதே பழக்கிவிட வேண்டும், பூஜை ஒரு வேளைகூடத் தடைப்படாமல் இருக்க.

இந்த வழியின் ஆபத்தையும் மதுரையே காட்டியது. 2012 ஏப்ரலில் மதுரை ஆதீனத்தின் 292-ஆவது சன்னிதானம் அருணகிரிநாதர் நித்யானந்தாவை 293-ஆவதாக அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியது, வழக்குகள் வந்தன, அதே ஆண்டு அக்டோபரில் நியமனம் நீக்கப்பட்டது. மடத்திலேயே வளர்ந்து தீட்சை பெற்ற துறவிகளான தம்பிரான்களை விட்டு வெளியிலிருந்து ஒருவரைத் திடீரென அமர்த்தினால் பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஊர் ஏற்காது. பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 13 அன்று அருணகிரிநாதர் மறைந்தார்; பத்தாம் நாள், 23 அன்று, ஏற்கெனவே இளையவராக இருந்த ஹரிஹர தேசிகர் பட்டம் ஏற்றார். உரிமை கோரி வேறு குரல் எழுந்தும் பீடம் காலியாகக் கிடக்கவில்லை. இளையவர் இல்லாமல் வாரிசுத் தகராறு வந்திருந்தால், அதே 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி சொத்துப் பாதுகாப்புக்குத் துறை உள்ளே வரலாம். காஞ்சி சங்கர மடத்திலும் 1994, 2018 ஆண்டுகளில் பீடாதிபதி மறைந்த இரண்டு முறையும் அடுத்தவர் யார் என்ற கேள்வியே எழவில்லை. 2025-இல் அங்கே அடுத்த இளையவருக்கும் சன்னியாசம் ஆகிவிட்டது.

ஆயர்களின் சட்டத்திலிருந்து மடங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது 413-ஆம் எண். ஆயர் இயங்க முடியாமல் போனால் யார், அவருக்குப் பின் யார் என்று வரிசை எழுதி மூடி வைத்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கச் சொல்கிறது அது. இளையவர் முதியவருக்கு முன்பே நோயில் விழுந்தாலும் இந்தப் பட்டியல் கை கொடுக்கும்.

நினைவு மெல்லத் தேயும் மறதி நோயில் மட்டும் இதை அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தயங்குகிறோம். காலையில் தேவாரத்தைப் பிழையில்லாமல் ஓதுபவர் மாலையில் காறுபாறு பெயரை மறக்கிறார். எந்த நாளை 'முடியாத நாள்' என்று குறிப்பது? மருத்துவர் இருவரோடு, தலைவரே முன்கூட்டித் தேர்ந்த மூத்த தம்பிரான் ஒருவரும் சேர்ந்து சொல்லட்டும் என்று பத்திரத்தில் எழுதுவது இப்போதைக்கு நல்லது. அதன் பிறகும் காலைப் பூஜை முடிந்ததும் அரை மணி நேரம் அவரைச் சாய்வு நாற்காலியில் இருத்தித் தரிசனமும் திருநீறும் தரச் செய்யலாம். திருநீற்றுக்குக் கையெழுத்து வேண்டாம். அந்த நேரத்தில் எந்தக் காகிதமும் அவர் அருகில் போகக் கூடாது என்பதையும் பத்திரத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிட வேண்டும்.