நியூகிரேஞ்சா, வெஸ்ட் கென்னட்டா?

புதிய கற்காலக் கல்லறைக்குள் ஒருமுறையாவது நுழைந்து பார்க்க ஆசையா? அயர்லாந்தின் நியூகிரேஞ்சுக்கும் இங்கிலாந்தின் வெஸ்ட் கென்னட்டுக்கும் வயது ஐயாயிரம் ஆண்டுக்கு மேல். ஆனால் அனுபவம் முற்றிலும் வேறு.

மீத் மாவட்டத்தில் உள்ள நியூகிரேஞ்ச் சுமார் கி.மு. 3200-ஐச் சேர்ந்தது. முன்பதிவு செய்து, பார்வையாளர் மையத்திலிருந்து பேருந்தில் போய், வழிகாட்டியோடுதான் நுழைய முடியும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. 19 மீட்டர் ஒடுங்கிய பாதை முடிகிற உள் அறையில் நிமிர்ந்து பாருங்கள். சாந்து இல்லாமல், கல்மேல் கல்லை உள்நோக்கி நீட்டி அடுக்கிய கூரை, இன்றுவரை பெரிதாக ஒழுகவில்லை! டிசம்பர் கடைசி வாரத்துக்குச் சற்று முன், ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டி, உதயசூரியனின் ஒளி வாசலுக்கு மேலுள்ள திறப்பு வழியாக அறைவரை வருகிறது. அந்த நாட்களில் உள்ளே நிற்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். மற்ற நாட்களில் விளக்கை அணைத்துச் செயற்கை ஒளியில் காட்டுகிறார்கள், அதுவே சிலிர்க்க வைக்கும். முகப்பின் வெள்ளைக் கல் சுவர் 20-ஆம் நூற்றாண்டில் மீண்டும் கட்டியது. அது சரியா என்று அறிஞர்களிடையே சர்ச்சை உண்டு.

வில்ட்ஷயரின் வெஸ்ட் கென்னட் சுமார் கி.மு. 3650. கட்டணம் இல்லை, வழிகாட்டி இல்லை. சாலையோரம் வண்டியை நிறுத்தி, வயல் நடுவே மேடேறி நடக்க வேண்டும். மழைக்குப் பிறகு சேறுதான், நல்ல காலணி அவசியம். ஏறக்குறைய 100 மீட்டர் நீள மண்மேட்டில் ஐந்து அறைகள். விரும்பும் நேரம் உட்காரலாம், கல்லைத் தொடலாம். எதிரே மனிதர்கள் எழுப்பிய பழங்கால மேடான சில்பரி குன்று, அப்புறம் ஏவ்பரி கல்வட்டமும் பக்கம்தான்.

குழந்தைகளோடு போனால் நியூகிரேஞ்ச். கதை கேட்டுப் புரிந்துகொள்வார்கள். தனியாகப் போகிறவருக்கு நான் தயங்காமல் வெஸ்ட் கென்னட்டையே சொல்வேன்.