சிறு முற்றத்துக்கு எது: துஜாவா, பொடோகார்ப்பஸா?

கொழும்பில் குள்ள ஊசியிலைச் செடி வேண்டும் என்று கேட்டால் நாற்றுப் பண்ணைக்காரர் பெரும்பாலும் நான்கைத்தான் காட்டுவார். பொன்பச்சை நிறத்தில் முட்டை வடிவாக நிற்கும் துஜா, தரையோடு படரும் ஜூனிப்பர், கிறிஸ்மஸ் மரம் என்று விற்கப்படும் அரோகேரியா, நீண்ட இலையுள்ள பொடோகார்ப்பஸ். வெள்ளவத்தையில் எங்கள் மதிலுக்கும் வாகனம் நிறுத்தும் சீமெந்துத் தரைக்கும் நடுவில் இரண்டடி அகலத்தில் ஒரு மண்துண்டு கிடக்கிறது. அதில் நான் நட்டது பொடோகார்ப்பஸ். அதிலும் 'மக்கி' எனப்படும் சிற்றிலை வகை. எனவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் கண்ட படங்களைக் காட்டி 'இதுதான் வேண்டும்' என்று அடம்பிடிப்பவர்களுக்கு முதலில் ஒரு சொல். அந்தப் படங்களில் கூம்புபோல அழகாக நிற்பது பெரும்பாலும் குள்ள அல்பேர்ட்டா ஸ்புரூஸ். 1904இல் கனடாவின் லேக் லூயிஸ் அருகே கண்டெடுக்கப்பட்ட செடியின் வழிவந்தது அது. குளிர்காலத்தில் உறங்கி எழவேண்டிய இனம். ஜனவரி இரவில்கூட வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான கொழும்பில் அதற்கு உறக்கம் ஏது? ஹக்கலைத் தாவரவியல் பூங்காவிலும் நுவரெலியா வீதியோரத்திலும் ஊசியிலை மரங்கள் செழித்து நிற்கின்றனவே என்றால், அது 1600 மீற்றருக்கு மேலேயுள்ள வேறொரு நாடு. அங்கு பார்த்ததை வைத்து இங்கு வாங்கக் கூடாது.

'குள்ளம்' என்ற விற்பனைச் சீட்டையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். அமெரிக்க ஊசியிலைத் தாவரச் சங்கத்தின் வகைப்பாட்டில், ஆண்டுக்கு ஓர் அங்குலத்திலிருந்து ஆறு அங்குலம் வரை வளர்வது குள்ள வகை. மெதுவாக வளரும் என்பதுதான் பொருளே தவிர, ஓர் உயரத்தில் நின்றுவிடும் என்பதல்ல. அந்தக் கணக்கும் ஆண்டில் பாதி நாள் பனியில் உறங்கும் நாடுகளில் போட்டது. நமக்கோ பன்னிரண்டு மாதமும் வெயில், ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. எந்தச் செடியை நட்டாலும் ஒருநாள் கத்தரியை எடுத்தே ஆக வேண்டும். அதனால், வெட்டினால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் இவற்றை ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

அரோகேரியாவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நோர்போக் தீவில் 50 மீற்றரைத் தாண்டும் மரம், பூச்சாடியில் இரண்டடியாக இருக்கும்போது விற்கப்படுகிறது. உப்புக் காற்றைத் தாங்குவதில் இந்த நால்வரில் அதற்கே முதலிடம். ஆனால் நுனியை வெட்டினால் அடுக்கடுக்கான அந்த அழகு போய்விடும். பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தாலோ அது நிமிராமல் பக்கவாட்டிலேயே வளரும். டிசம்பர் முடிந்ததும் சாடியிலிருந்து எடுத்து மதிலோரம் நட்டுவிடுபவர்கள் கொட்டாஞ்சேனையிலும் உண்டு, தெஹிவளையிலும் உண்டு. மின்கம்பி உயரத்துக்கு மரம் வந்த பிறகுதான் கவலை தொடங்கும்.

ஜூனிப்பரை நான் வளர்த்ததில்லை. நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில் பொன்சாய்ச் சாடியில் பார்த்த அளவுதான் என் அனுபவம். முழு வெயிலும் நீர் தங்காத மண்ணும் இருந்தால் அது நன்றாகத்தான் நிற்கிறது. மே மாத மழையில் மதில் நிழலில் ஈரம் காயாத என் மண்துண்டுக்கு அது ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

மிஞ்சுவது துஜாவும் பொடோகார்ப்பஸும். வாங்கும் நாளில் துஜாதான் வெல்லும். அதில் ஐயமே இல்லை. விலை குறைவு, நிறம் கண்ணைப் பறிக்கும், கத்தரி படாமலேயே வடிவாக இருக்கும். இங்கு துஜா என்று விற்கப்படுவது பெரும்பாலும் சீனத்தைச் சேர்ந்த பிளாட்டிகிளாடஸ். விசிறி மடிப்புகளை நிறுத்திவைத்தாற்போன்ற அதன் இலையமைப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்த விசிறிகளை இரண்டு கைகளாலும் விலக்கி உள்ளே பாருங்கள். பச்சை வெளித்தோலில் மட்டும்தான் இருக்கும். உள்ளே வெயில் படாத இடமெல்லாம் பழுப்பேறிய சருகும் வெறுங்கிளையும். இது நோயல்ல, அந்த இனத்தின் இயல்பு. ஆனால் இலை உதிர்ந்த பழைய தண்டில் உறங்கும் மொட்டுகள் அதற்கு அநேகமாக இல்லை. பச்சைப் பகுதியைத் தாண்டி வெட்டினால் அந்த இடம் மீண்டும் துளிர்க்காது. ஒரு பக்கம் ஓட்டை விழுந்தால் அது நிரந்தர ஓட்டை.

பெரிய தோட்டத்தில் இது ஒரு குறையே அல்ல. ஆறு பேர்ச் அளவேயான சிறு காணியில் இதுதான் எல்லாம். கொழும்பு முற்றத்துச் செடிக்கு என்னென்ன நேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாகனத்தைப் பின்னால் எடுக்கும்போது பம்பர் உரசும். மதிலுக்கு வர்ணம் பூச வருபவர் ஏணியைச் செடியின் மேலேயே சாய்த்து வைப்பார். தண்ணீர் மீற்றரைப் படிக்க வழிவிட வேண்டியிருக்கும். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, பக்கத்து வளவில் திடீரென்று எழும்பும் இரண்டாம் மாடி. நேற்றுவரை வெயில் விழுந்த பக்கம் இன்று நிழல். சில மாதங்களில் துஜாவின் அந்தப் பக்கம் பழுப்பு. மதிலை ஒட்டி நட்டாலே போதும், மாடிகூட வேண்டாம். முன்பக்கம் பொன்னாகவும் பின்பக்கம் சருகாகவும் நிற்கும் துஜாக்களை எங்கள் ஒழுங்கையிலேயே காட்டுவேன். அடர்ந்த இலைக்குள் மழையீரம் தங்குவதால் பூஞ்சணமும் எளிதில் பிடிக்கிறது.

பொடோகார்ப்பஸின் பழைய தண்டிலோ மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. வெறுந்தண்டு தெரிய வெட்டினாலும் சில வாரங்களில் வெட்டுக்குக் கீழே இளம்பச்சைத் துளிர்கள் வரும். எங்கள் செடியில் ஏணி முறித்த கிளை இருந்த இடத்தை இப்போது தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. உயரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டுமா, குறைக்கலாம். ஒரே நாளில் அல்லாமல் இரண்டு மூன்று முறையாக. நிழலையும் தாங்கும். வேர் மதிலைத் தள்ளும் வகையல்ல. ஜப்பானியத் தோட்டங்களில் மேகத்திரள்போலக் கத்தரித்து வைத்திருப்பார்களே, அவற்றில் பல இந்த இனம்தான். சிபா மாகாணத்தின் அதிகாரபூர்வ மரமும் இதுவே. கடற்காற்றைத் தடுக்கும் வேலியாக அங்கு இதை வளர்க்கிறார்கள். காலி வீதிக்குக் கடல்பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது வெறும் தகவல் அல்ல.

இந்தக் குடும்பத்துக்கு வெப்பமும் ஈரமும் புதிதல்ல என்பதும் என் முடிவுக்கு ஒரு காரணம். தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரமான நேகியா, பொடோகார்ப்பஸின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

குறைகளும் உண்டு. பார்த்தவுடன் இதை ஊசியிலைத் தாவரம் என்று யாரும் சொல்வதில்லை. 'அலரியா?' என்று கேட்காத விருந்தினர் குறைவு. ஒரே உயரத்தில் துஜாவைவிட விலை கூடுதல், ஏனெனில் அந்த உயரத்துக்கு வர அதற்கு அதிக காலம் எடுக்கிறது. புதுத் துளிரில் சாம்பல் பூத்த அசுவினிப் பூச்சி மொய்க்கும். அது சுரக்கும் இனிப்பில் கரும்பூஞ்சணம் படியும், எறும்பும் வரிசை கட்டும். சவர்க்காரத் தண்ணீரை இலையின் அடியில் படும்படி தெளித்தால் கட்டுப்படுகிறது. வெள்ளவத்தையின் மணல்மண்ணில் மக்னீசியம் குறைந்து பழைய இலைகளின் நுனி மஞ்சளிக்கலாம். கொஞ்சம் எப்சம் உப்பு போதும். பெண் செடியில் வரும் விதை நஞ்சு, ஆகவே வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் காயைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். வேரடியில் நீர் தேங்குவதை மட்டும் இதுவும் பொறுக்காது. மண்ணை ஓர் அடியாவது மேடாக்கி நடுங்கள்.

மொட்டைமாடியில் நான்கு பக்கமும் வெயில் படும்படி, தனிச் சாடியில் ஒரே ஒரு செடி என்றால் துஜாவையே வாங்கலாம். அங்கு யாரும் உரச மாட்டார்கள், மதில் நிழலும் விழாது. சாடியை வாரத்துக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்பி வைத்தால் எல்லாப் பக்கமும் பச்சையாக இருக்கும். உட்புறச் சருகைக் கையால் உதிர்த்துவிடுங்கள், வெட்டுவதானால் பச்சை நுனியோடு நிறுத்துங்கள். எத்தனை ஆண்டு அந்த வடிவம் நிலைக்கும் என்பதை அந்த வீட்டுக்காரர்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

எதை வாங்கினாலும் சாடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். அதில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யும் என்பது ஒருபுறம். டெங்கு நுளம்பின் குடம்பி அதில் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்கே தொடரலாம் என்பது மறுபுறம். சாடியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைத்தால் போதும்.