ஒரு கடைக்காரி படித்த ‘போடேகா ட்ரீம்ஸ்’

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் பெறாமகன், திரும்பிப் போகும் நாளில் ஒரு புத்தகத்தைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “சின்னம்மா, இது உங்கள் தொழிலைப் பற்றிய நாவல்” என்றான். நம்பிவிட்டேன். கொக்குவிலில் ஒரு ஒழுங்கை முகப்பில் ஐயா தொடங்கிய பலசரக்குக் கடையை 26 வருடங்களாக நான் நடத்துகிறேன். அரிசியும் மாவும் சவர்க்காரமும் விற்கிற ஒருத்தியை வைத்து அமெரிக்காவில் யாரோ கதை எழுதியிருக்கிறார்களாக்கும் என்று ஆவலோடு திறந்தேன். தொடக்கத்திலேயே, சண்டை பிடித்தால் எதிராளியைக் கடித்துவிடுகிற ஒரு பையன் நிற்கிறான். கடையைக் காணவில்லை.

போடேகா என்றால் ஸ்பானிய மொழியில் கிடங்கு, வைன் வைக்கும் நிலவறை. நியூயோர்க்கில் குடியேறிய புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் வாயில் அது தெருமுனைப் பலசரக்குக் கடை ஆகிவிட்டது. இந்த நாவலில் அது ஒரு மனிதனின் பெயர். அவன் விற்பது போதைப்பொருள். பெறாமகனோடு ஒரு கிழமை கோபமாக இருந்தேன். பிறகு முழுதும் படித்து முடித்ததும் தொலைபேசியில் கூப்பிட்டு, “நீ சொன்னது சரிதான்” என்று ஒப்புக்கொண்டேன். அவன் சொன்ன காரணத்துக்காக அல்ல.

எழுதியவர் எர்னெஸ்டோ கின்யோனெஸ். தந்தை எக்குவடோர் நாட்டவர், தாய் புவேர்ட்டோ ரிக்கோக்காரி, வளர்ந்தது கதை நடக்கும் அதே நியூயோர்க் கிழக்கு ஹார்லெமில். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய முதல் நாவல் இது. 200 பக்கங்களுக்குச் சற்று மேல். வாடிக்கையாளர்களுக்கு இடையில் படித்தே ஒன்பது நாளில் முடித்துவிட்டேன்.

அந்த மக்கள் தங்கள் பகுதியை ‘எல் பாரியோ’ என்கிறார்கள். பெறாமகன் அதை அயல் என்றான். எனக்கு அது குறிச்சி. யார் யாரோடு கோபம், எந்தப் பெண்ணுக்கு எங்கே கலியாணம் பேசுகிறார்கள், எவன் எவனிடம் கைமாற்று வாங்கினான் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிற குறிச்சி. பட்டப்பெயர் வழக்கம்கூட அப்படியே இருக்கிறது. கடிக்கிற பையனின் பெயர் சாப்போ, அதாவது தேரை. கதை சொல்பவன் சீனோ, அதாவது சீனன். அவனுடைய உண்மைப் பெயர் ஹூலியோ. ஒரு பட்டப்பெயர் கிடைப்பதற்காகவே சிறுவயதில் சண்டைகளுக்குப் போனவன். எங்கள் பக்கத்தில் ஒருவரை அடையாள அட்டையில் உள்ள பெயரைச் சொல்லித் தேடினால் அகப்படமாட்டார். என் கடன் கொப்பியிலேயே பாதிப்பேர் பட்டப்பெயரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் பக்கத்தைப் புரட்டுவது தனிக் கலை.

கதை இதுதான். சீனோ சுப்பர்மார்க்கெட் ஒன்றில் வேலை செய்துகொண்டு கல்லூரியில் படிக்கிறான். மனைவி பிளாங்காவும் படிக்கிறாள்; கர்ப்பிணி. அவள் பெந்தெகொஸ்தே சபைக்காரி. சபையில் சேராத ஒருவனை மணந்த குற்றத்துக்காக, எல்லோருக்கும் முன்னால் நின்று ‘தம்பூரின்’ என்ற சலங்கைப் பறையைத் தட்டும் உரிமையை இழந்தவள். இந்தத் தண்டனையைப் படித்தபோது சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. திருவிழாவில் யார் எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்கிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். இந்த இருவருக்கும் வேண்டியது ஒரு நல்ல வீடு. அதை வைத்திருக்கிறவன் வில்லி போடேகா. சீனோவை அவனிடம் அழைத்துப் போகிறவன் சாப்போ.

போடேகா இளமையில் யங் லோர்ட்ஸ் இயக்கத்தில் இருந்தவன். இது உண்மையிலேயே இருந்த, புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் இயக்கம். 1969 கோடையில், தங்கள் தெருக்களில் மாநகரசபை குப்பை அள்ளுவதில்லை என்பதற்காக, அந்தக் குப்பையையே வீதியின் நடுவில் குவித்துத் தீ வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஒரு மெதடிஸ்த தேவாலயத்தைக் கைப்பற்றி, பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்தார்கள். (இயக்கம் என்ற சொல்லை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் ஒருத்தி கை நடுங்காமல் எழுத முடியாது. ஆனால் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.) இயக்கம் ஓய்ந்த பிறகு போடேகா வேறு கணக்குப் போடுகிறான். போதைப்பொருள் விற்ற காசில், கைவிடப்பட்ட மாடிக் கட்டடங்களை வாங்கித் திருத்தி, ஏழைக் குடும்பங்களைக் குறைந்த வாடகைக்குக் குடிவைக்கிறான். கெட்டிக்காரப் பிள்ளைகளின் படிப்புச் செலவைக் கட்டுகிறான். நாளைக்கு அவர்கள் வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் வந்து குறிச்சியைத் தாங்குவார்கள் என்பது கனவு. முதற்பகுதிக்கே ‘இந்த நாட்டைக் கட்டியவர்கள் தெருவிலிருந்து வந்தவர்கள்’ என்ற பொருளில்தான் தலைப்பு. அமெரிக்காவின் பெரிய குடும்பங்கள் முதற்பணத்தை எப்படிச் சம்பாதித்தன என்று போடேகா கேட்கிற இடத்தில் என்னிடமும் பதில் இல்லை.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதே அவனுக்கு எல்லாமும். அந்தக் குறிச்சியில் ஆட்கள் நெருக்கி நெருக்கி வாழ்கிறார்கள், காணி உறுதி வேறு எங்கோ இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் 14 வீடுகள். ஐந்துக்குப் பூட்டு. அவற்றின் உறுதிகளும் கனடாவிலும் பிரான்சிலும்தான் இருக்கின்றன, ஆனால் உள்ளே ஆளில்லை. வளவு கூட்டுகிற அம்மா மட்டும் வெள்ளிக்கிழமைகளில் வந்து விளக்கு வைத்துவிட்டுப் போகிறார்.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். போடேகா தன் உதவிகளுக்குக் காசு கேட்பதில்லை. விசுவாசம் கேட்கிறான். அதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வழக்கறிஞர் நசாரியோ வந்து, கை குலுக்கி, பிள்ளைகளை விசாரித்து, ‘உங்களை மறக்காமல் உதவியவர் ஒருவர் இருக்கிறார்’ என்ற மாதிரி விட்டுவிட்டுப் போகிறார். ஒரு கையெழுத்து இல்லை, கொப்பி இல்லை. நாவலை அரசியல் கதை, காதல் கதை, குற்றக் கதை என்று எப்படியும் படிக்கலாம். நான் கடன் கதையாகப் படித்தேன். கடன் எப்படி வேலை செய்கிறது என்று இந்த எழுத்தாளருக்குத் தெரிந்த அளவுக்குக் காதலும் கொலையும் தெரியவில்லை என்பது என் தீர்ப்பு.

என் கடையில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகை ஐயா காலத்திலிருந்து தொங்குகிறது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் கடைகளிலும் ஏறக்குறைய இதே வாசகம் தொங்குவதுண்டு. பலகை இருக்கிற எல்லா இடத்திலும் அதற்குக் கீழே ஒரு கடன் கொப்பியும் இருக்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரினால் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, ஐயா கையில் எடுத்தவை மூன்று: அம்மாவின் நகை, காணி உறுதி, இந்தக் கொப்பி. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரிக்குப் போய், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பத்துக் குடும்பங்களோடு இருந்தோம். அங்கே ஒருநாள் ஒரு தச்சுத் தொழிலாளி எங்களைத் தேடிப் பிடித்து 140 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். மா வாங்கிய கடன். அதே கிழமை, மகளின் கலியாணத்துச் சாமான் முழுவதையும் ஐயாவிடம் கடனுக்கு வாங்கிய ஒரு பெரிய மனிதர், தண்ணீர்க் குழாயடியில் எங்களைக் கண்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கமாகப் போனார். ஐயாவுக்குக் கோபம் வரவில்லை. “பெரிய கடன் பட்டவனுக்குக் கண் தெரியாது” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

இந்த ஒரு விடயம் வில்லி போடேகாவுக்குத் தெரியவில்லை. அவன் கொடுப்பதெல்லாம் பெரியவை: வீடு, படிப்பு, எதிர்காலம். வாங்கினவர்கள் அவனை வாழ்த்துகிறார்கள், அவன் முகம் பார்க்க நேராதவரைக்கும். சீனோவும் பிளாங்காவும் பெரிய வீட்டுக்கு மாறுகிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய மனிதன் யாருடைய வீட்டில் இருக்கிறோம் என்பதை மனைவிக்குச் சொல்லமாட்டாமல் தவிக்கிறான். அந்தப் பக்கங்கள் அருமையானவை. நாங்கள் செஞ்சோற்றுக் கடன் என்று கர்ணன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். கர்ணனை நம்பிக் கடை நடத்த முடியாது.

கணக்கில் வராத விசுவாசம் ஒன்று இந்த நாவலில் இருக்கிறது: சீனோவுக்கும் சாப்போவுக்கும் நடுவில் உள்ளது. ஒரு பத்திரிகையாளன் கொல்லப்படுகிறான். உடலில் கடித்த அடையாளம். கடிக்கிறவன் யார் என்று வாசகருக்குத் தெரியும், சீனோவுக்கும் தெரியும். பொலிஸார் வந்து நட்பாகப் பேசிக் கேட்கிறார்கள். சீனோ விழுங்குகிறான். அவன் செய்தது சரியா என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாப்போ அவனிடம் ‘சொல்லிவிடாதே’ என்று மன்றாடுவதுமில்லை, செய்த உதவிகளைச் சொல்லிக் காட்டுவதுமில்லை. முரடன், கொடியவன், ஆனாலும் நாவலில் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஆள் அவன்தான். தேரை என்று பெயர் வைத்தவர்கள் முன்னால் ‘ஆம், நான் தேரைதான்’ என்று நிமிர்ந்து நின்றவன்.

இனிக் குறைகள். வேரா என்ற பெண் பிளாங்காவின் உறவினள். போடேகாவின் பழைய காதலி. அவளுடைய தாய் அவளை மயாமியில் இருந்த ஒரு பணக்காரக் கியூபனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுகிறாள். மயாமியை எடுத்துவிட்டு ரொறன்ரோவின் ஸ்காபரோ என்று போட்டால் எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீடுகளைக் காட்டுவேன். போடேகாவின் கட்டடங்கள், காசு எல்லாம் கடைசியில் அவளைத் திரும்பக் கொண்டுவருவதற்கான ஏற்பாடுதான் என்று தெரியவரும்போது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பருப்பு நிறுக்கப் போனேன். ஒரு குறிச்சியையே தூக்கி நிறுத்தப் பார்த்த மனிதன் ஒரு ஜன்னலைப் பார்த்து ஏங்குகிறவனாகச் சுருங்கிவிடுகிறான். 1925இல் வந்த ஒரு புகழ்பெற்ற அமெரிக்க நாவலின் எலும்புக்கூட்டின்மேல்தான் இது கட்டப்பட்டிருக்கிறது என்று பெறாமகன் விளக்கினான். இருக்கட்டும். பழைய சட்டகத்தில் புதிய கதவு பொருத்தினாலும் கிறீச்சிடக் கூடாது.

பிளாங்காவைப் பற்றியும் ஒரு மனக்குறை. முதல் பாதியில் அவள்தான் வீட்டிலேயே அறிவுள்ளவள். பிறகு எழுத்தாளர் அவளிடம் கேள்விகளை மட்டும் கொடுத்துவிட்டுப் பதில்களை ஆண்களிடம் கொடுத்துவிடுகிறார். கடைசி மூன்றிலொரு பங்கு ஓட்டமும் துப்பாக்கியுமாகப் போய்விடுகிறது. யார் துரோகம் செய்தார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. இரண்டாம் பகுதியின் தலைப்பு, துப்பாக்கி ஏந்திய நூறு பேரைவிட ஒரேயொரு வழக்கறிஞர் கூடத் திருடலாம் என்கிறது. அதைப் படித்துவிட்டு எவராவது திகைத்தால் அது எழுத்தாளரின் பிழை அல்ல.

இன்னொரு பக்கம் மனதில் நிற்கிறது. சீனோ படித்த பள்ளிக்கூடத்துக்கு ஹூலியா டி புர்கோஸ் என்ற புவேர்ட்டோ ரிக்கோக் கவிஞரின் பெயர். அங்கே பிளெசிங்டன் என்ற ஆசிரியர் படிப்பிப்பதோ றொபேட் ஃபுறொஸ்ற்றின் கவிதைகளை. நீங்கள் எல்லோரும் சிறைக்குத்தான் போவீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதும் அவர்தான். ஹூலியா டி புர்கோஸ் 1953இல் இதே கிழக்கு ஹார்லெமின் நடைபாதையில் விழுந்து இறந்தவர். யாரென்று தெரியாமல் அநாதைப் பிணமாகப் புதைத்துவிட்டு, பிறகு கண்டுபிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். இது நாவலுக்கு வெளியே உள்ள செய்தி. தெரிந்துகொண்டு படித்தால் அந்த வகுப்பறை வேறு மாதிரித் தெரியும்.

ஆங்கிலம் கடினமில்லை. சாதாரண தரம் வரை ஒழுங்காகப் படித்தவர் சமாளிக்கலாம். ஸ்பானியச் சொற்கள் விளக்கமில்லாமல் வந்துகொண்டே இருக்கும். நான் பாதியை ஊகித்தேன், மீதியைப் பெறாமகனிடம் கேட்டேன். கெட்ட வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் கடையில் நிற்கும்போது சத்தமாகப் படித்துக் காட்ட முடியாது. இரண்டு மொழியும் கலந்து புதிய மொழியொன்று பிறக்கிறது என்று மூன்றாம் பகுதியில் பெருமையாகச் சொல்கிறார்கள். ரொறன்ரோத் தமிழைத் தொலைபேசியில் வாரம் ஒருமுறை கேட்கிறவள் என்ற முறையில் அந்தப் பெருமையில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சாப்போவுக்காக மட்டும் இன்னொரு அரை சேர்க்கலாம்.

இப்போது புத்தகம் என்னிடம் இல்லை. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் வாங்கிப் போயிருக்கிறார். அவர் கணக்கில் ஏற்கெனவே இரண்டு கிலோ சீனி, ஒரு பெட்டி நெருப்புக்குச்சி. அதற்குக் கீழே ‘ஒரு நாவல், ஆங்கிலம்’ என்று எழுதி, திகதியும் போட்டுவைத்திருக்கிறேன்.