பால் ஊற்றுகிறவர்கள் கவனத்துக்கு: "லிட்டருக்கு மூணு ரூபா கூட" என்று வரும் கொள்முதல் நிலையங்கள்

தமிழ்நாட்டில் கறவை மாடு அதிகம் உள்ள ஊர்களில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஏமாற்று நடக்கிறது. ஊர் மாறுகிறது, ஏஜென்ட் மாறுகிறார், முறை மட்டும் மாறுவதே இல்லை. பணம் எந்த இடத்தில் கழிகிறது, அதை எப்படிப் பிடிப்பது, எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரிந்துகொள்வதற்காக இந்தப் பதிவு.

முதலில் நடப்பது என்ன என்று பார்க்கலாம். கோடையில், பசுந்தீவனம் காய்ந்து பால் குறைந்திருக்கும் நேரத்தில் ஊருக்குள் ஒரு புது நிலையம் வருகிறது. சொசைட்டியை, அதாவது ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தை விட லிட்டருக்கு 3 ரூபாய் கூடத் தருகிறோம் என்கிறார்கள். மாடு வாங்க முன்பணமும் கொடுக்கிறார்கள். இரண்டு மாதம் சனிக்கிழமை தவறாமல் பட்டுவாடா நடக்கிறது. சொசைட்டியில் ஊற்றுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று வருகிறார்கள். பிறகு மழை பெய்து, புல் தழைத்து, பால் பெருகும் காலம் வருகிறது. அப்போது "டிகிரி நிக்கல", "ஃபேட் குறையுது" என்ற பேச்சு தொடங்கும், அதாவது பாலின் அடர்த்தியும் கொழுப்பும் போதவில்லை என்பார்கள். அடுத்து விலையில் 2 ரூபாய் குறையும், அதற்கு முன்னறிவிப்பு கிடையாது. அதன்பின் வாரப் பட்டுவாடா பத்து நாளாகி, மூன்று வாரமாகி இழுக்கும். கடைசியில் ஒருநாள் காலையில் நிலையத்தின் கதவு பூட்டியிருக்கும். ஏஜென்ட் மூலம் பால் எடுத்த தனியார் கம்பெனியைக் கேட்டால், "ஏஜென்டுக்கு நாங்க செட்டில் பண்ணிட்டோம்" என்பார்கள். தினம் 14 லிட்டர் ஊற்றும் வீட்டுக்கு, லிட்டர் 38 ரூபாய் என்றால், மூன்று வார நிலுவை 11,172 ரூபாய். கையில் சீட்டு இல்லை, எழுத்தில் எதுவும் இல்லை. முன்பணம் வாங்கியவர்கள் மட்டும் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்தத் தாளும் ஏஜென்டிடம்தான் இருக்கும்.

இந்த இடத்தில் பலரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். பாலுக்கு அரசு விலை உண்டு, அதற்குக் கீழே யாரும் வாங்க முடியாது என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. அரசு அறிவிக்கும் கொள்முதல் விலை ஆவினின் மூன்றடுக்கு அமைப்புக்குள், அதாவது கிராம சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற வரிசைக்குள் மட்டும்தான் செல்லும். 2022 நவம்பரில் பசும்பால் 32-லிருந்து 35 ரூபாயாகவும், எருமைப்பால் 41-லிருந்து 44 ரூபாயாகவும் உயர்ந்தது. 2023 டிசம்பரில் அதன்மேல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. இவை சங்கத்தில் ஊற்றும் உறுப்பினர்களுக்கானவை, தனியார் நிலையத்தை அவை கட்டுப்படுத்தாது.

எந்த நிறுவனம் எந்தப் பகுதியில் பால் எடுக்கலாம் என்று எல்லை வகுக்கும் சட்டம் ஒரு காலத்தில் இருந்தது. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் மத்திய அரசு 1992 ஜூனில் கொண்டுவந்த பால் மற்றும் பால் பொருட்கள் ஆணைதான் அது. பெரிய பால் பண்ணைகள் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்முதல் எல்லை உண்டு என்றது அந்த ஆணை. 2002-இல் அந்த எல்லையை எடுத்துவிட்டார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்தபோது ஆணையே போய்விட்டது. 2023 மே மாதம் கிருஷ்ணகிரிப் பகுதியில் அமுல் கொள்முதல் தொடங்கியதை எதிர்த்து முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய உள்துறை அமைச்சருக்குக் கடிதம்தான் எழுத முடிந்தது. ஒரு கூட்டுறவின் பகுதியில் இன்னொரு கூட்டுறவு நுழைவதில்லை என்ற வழக்கத்தைத்தான் அதில் சுட்டிக்காட்ட முடிந்தது. ஆகவே விலைக்கும் எல்லைக்கும் காவல் இருக்கிறது என்று எண்ணி யாரிடமும் பால் ஊற்ற வேண்டாம். காவல் இருப்பது தராசுக்கும், உரிமத்துக்கும், சங்கக் கணக்குக்கும்தான். அவற்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தராசிலிருந்து தொடங்கலாம். பாலைக் கிலோவில் நிறுத்து லிட்டராக மாற்றுகிறார்கள். நல்ல பசும்பால் 1 லிட்டர் ஏறத்தாழ 1.028 கிலோ எடை இருக்கும், 10 லிட்டர் என்றால் 10.28 கிலோ. கிலோவை இந்த 1.028-ஆல் வகுத்துத்தான் லிட்டர் காட்டுகிறது, சில தராசுகளில் அந்த எண்ணை மாற்றியமைக்க முடியும். 1.028 இருக்க வேண்டிய இடத்தில் 1.05 வைத்துவிட்டால், உங்கள் 10 லிட்டர் 9.79 லிட்டராகக் காட்டும். வேளைக்கு 200 மில்லிக்கு மேல் போய்விடும், கண்ணுக்கும் தெரியாது. அதனால் திரையில் கிலோவையும் காட்டச் சொல்லுங்கள், சீட்டில் இரண்டும் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் அளந்த 10 லிட்டர் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். காலிக் கேனின் எடையைக் கழித்தபின் கிட்டத்தட்ட 10 கிலோ காட்ட வேண்டும், லிட்டர் கணக்கில் வைத்தால் 9.7 வரும். அதற்கும் கீழே காட்டினால் தராசில் கோளாறு.

பத்தில் ஒரு லிட்டருக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும் பழக்கத்தையும் கவனியுங்கள். 7.48 என்பதை 7.4 என்று எழுதுவார்கள். சராசரியாக வேளைக்கு 50 மில்லி போகிறது, மாதம் 60 வேளைக்கு 3 லிட்டர். சோதனைக்கு எடுத்த பாலைத் திருப்பி ஊற்றாத இடங்களும் உண்டு. 100 பேரிடம் வேளைக்கு 100 மில்லி என்றால், ஒரு நாளைக்கு 20 லிட்டர் நிலையத்துக்கு இலவசமாகக் கிடைக்கிறது. இது தனியாரில் மட்டுமல்ல, சங்கங்களிலும் நடக்கிறது.

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. முத்திரைச் சான்றிதழை நிலையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முத்திரை ஆய்வாளருக்கு எழுதுங்கள். தனியாரோ சங்கமோ, இந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பெரிய பணம் போவது தராசில் அல்ல, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடப்பொருள்) கணக்கில்தான். ஃபேட்டையும் எஸ்.என்.எஃப்.-ஐயும் தானே அளக்கும் மில்க் அனலைசர் இல்லாத இடங்களில், பாலின் அடர்த்தி காட்டும் லாக்டோமீட்டரின் டிகிரியையும் ஃபேட்டையும் வைத்து இதைக் கணக்கிடுகிறார்கள். டிகிரியை 4-ஆல் வகுத்து, ஃபேட்டை ஒரு எண்ணால் பெருக்கிக் கூட்டி, கடைசியில் ஒரு நிலையான எண்ணைச் சேர்ப்பார்கள். கடைசி இரண்டு எண்களும் இடத்துக்கு இடம் வேறுபடும். டிகிரி 28, ஃபேட் 4.0 உள்ள ஒரே பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 0.25-ஆல் பெருக்கி 0.44 சேர்க்கும் கணக்கில் எஸ்.என்.எஃப். 8.44. 0.2-ஆல் பெருக்கி 0.36 சேர்க்கும் கணக்கில் 8.16. பால் அதேதான், மாடும் அதேதான், கிட்டத்தட்ட மூன்று புள்ளி போய்விட்டது (0.1 என்பது ஒரு புள்ளி). ஃபேட், எஸ்.என்.எஃப். வாரியாக விலை போட்ட ரேட் சார்ட்டில் புள்ளிக்கு 30 பைசா என்று வைத்தால் லிட்டருக்கு 90 பைசா, 14 லிட்டருக்கு நாளொன்றுக்கு 12 ரூபாய் 60 காசு, மாதம் 378 ரூபாய். "சொசைட்டியை விட மூணு ரூபா கூட" என்று சொல்கிறவரிடம் முதல் கேள்வியாக, "எந்த ஃபேட்டுக்கு, எந்த எஸ்.என்.எஃப்.-க்கு அந்த விலை, எந்தக் கணக்கில் போடுறீங்க" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்காத சார்ட் சார்ட்டே அல்ல.

சூடும் இதில் சேர்கிறது. 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு அளவு குறித்த லாக்டோமீட்டரில், பால் அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி சூடாக இருக்கும்போதும் அளவோடு 0.2 கூட்ட வேண்டும். கறந்த சூட்டோடு கொண்டுவந்த பால் 33-இல் இருந்தால் 1.2 கூட்டியாக வேண்டும். கூட்டாமல் விட்டால் எஸ்.என்.எஃப்.-இல் 0.3 குறைகிறது. இதோடு, கறந்தவுடன் பாலில் காற்றுக் குமிழ் நிறைய இருக்கும், அப்போது எடுக்கும் டிகிரி எப்போதும் குறைவாகத்தான் காட்டும். நிலையத்தில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். லாக்டோமீட்டர் மட்டும் மிதக்கிறது, தெர்மாமீட்டர் இல்லை என்றால், அங்கே எழுதும் எஸ்.என்.எஃப். எல்லாம் உத்தேசம்தான்.

மில்க் அனலைசரை நம்பலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: அந்தப் பெட்டிக்குள் பசு, எருமை, கலப்பு என்று தனித்தனி அமைப்புகள் உண்டு. பசும்பாலைத் தவறான அமைப்பில் வைத்து ஓட்டினால் அளவு தவறும். ஃபேட்டிலும் எஸ்.என்.எஃப்.-இலும் ஒரு அளவைக் கூட்டவோ கழிக்கவோ அதில் திருத்த அமைப்பும் இருக்கிறது. நேர்மையாகச் சரிசெய்வதற்கு வைத்தது அது, கெட்ட கையில் அதுவே கத்தரிக்கோல். குழாயில் பால் படிந்து சுத்தம் செய்யாமல் விட்டாலும், நுரையோடு உறிஞ்சினாலும் அளவு கெடும். திரையில் வருவதைப் பார்த்துக் கையால் கம்ப்யூட்டரில் தட்டும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை. அனலைசரிலிருந்தும் தராசிலிருந்தும் நேராகச் சீட்டுக்கு ஏறுவதுதான் சரி.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே கேன் பாலை நன்றாகக் கலக்கி இரண்டாகப் பிரித்து, இரண்டு வீட்டு எண்ணில் ஊற்றுங்கள். ஃபேட் 0.1-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அடுத்த வேளையும் செய்யுங்கள். மூன்று முறை வந்தால், அளவைக் கருவி சொல்லவில்லை, ஆள் சொல்கிறார். எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைத்திருந்தால் இந்தச் சோதனையில் சிக்காது. அதற்குப் பக்கத்து ஊர் நிலையத்தில் அதே பாலை அதே காலையில் வைத்து ஒப்பிட வேண்டும், அல்லது அமிலம் சேர்த்துக் கொழுப்பைப் பிரித்து அளக்கும் கெர்பர் முறையில் பார்க்க வேண்டும். கெர்பர் என்றால் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். குழாயை அடைத்துக் குலுக்கி, 5 நிமிடம் சுழற்றி, 65 டிகிரி வெந்நீரில் வைத்துப் படிக்க வேண்டும். அவசரத்தில் ஒரு நிமிடம் சுழற்றி எடுத்தால் கொழுப்பு முழுதும் மேலேறாது, ஃபேட் குறைவாகவே தெரியும்.

குறை எப்போதும் நிலையத்தில்தான் என்று சொல்வதற்கில்லை. மடியில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதை முழுதும் கன்றுக்கு விட்டால் ஃபேட் விழும். இரவு இடைவெளி நீண்டிருந்தால் காலைப் பால் நீர்க்கும், மாலையில் ஏறும். மடிநோயின் தொடக்கத்திலும், பச்சைப்புல் மட்டும் தின்று அடர்தீவனம் குறைந்தாலும் எஸ்.என்.எஃப். இறங்கும். ஒரு நாள் அளவை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள், பத்து நாள் சீட்டை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

சீட்டில் தேதி, வேளை, கிலோ, லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப்., விலை, தொகை எல்லாம் இருக்க வேண்டும். வாரக் கடைசியில் மொத்தமாகத் தரும் சீட்டு போதாது. பணம் ஏஜென்ட் கையிலிருந்து வராமல் கம்பெனிக் கணக்கிலிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவது முக்கியம். வங்கிப் பதிவு இருந்தால், "நாங்க ஏஜென்டுக்குக் குடுத்தாச்சு" என்ற பேச்சு நிற்காது. ஊற்றத் தொடங்குமுன் அந்த நிலையத்தின் உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமத்தைக் கேளுங்கள். சிறிய அளவில் கையாள்கிறவருக்குப் பதிவு போதும், பெரிய அளவு என்றால் உரிமம் வேண்டும். அந்த 14 இலக்க எண்ணை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் தட்டினால், உரிமம் யார் பெயரில், எந்த முகவரியில் என்பது தெரியும். பின்னால் புகார் எழுதும்போது எதிராளி யார் என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு இதுதான் முதல் பிடி.

சங்கத்தை விட்டுப் போகுமுன் அதன் துணை விதிகளைப் படியுங்கள். ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை நாள், எத்தனை லிட்டர் ஊற்றினால் வாக்குரிமையும் போனஸும் உண்டு என்று அதில் இருக்கும். சங்கத்தில் பிரச்சினை என்றால் மாவட்டத் துணைப் பதிவாளர் (பால்வளம்) அலுவலகத்துக்கு எழுதுங்கள். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 81-ஆவது பிரிவு விசாரணைக்கும், 82 ஆய்வுக்கும், 87 பணத்தை மீட்கும் தண்டத்தீர்வைக்கும், 90 தாவாவுக்கும் வழி வைத்திருக்கிறது. செயலாளர்மேல் கோபம் என்று தனியாரிடம் போகிறவர்கள் இந்த நான்கு பிரிவுகளையும் சேர்த்தே விட்டுவிட்டுப் போகிறார்கள். தனியார் ஏஜென்ட் ஓடிவிட்டால் இவற்றில் ஒன்றும் உதவாது. போலீஸ் புகாரும் சிவில் வழக்கும்தான் மிஞ்சும், இரண்டுக்கும் சீட்டு வேண்டும்.

இப்போது நிலுவையில் மாட்டியிருக்கிறவர்கள் ஒருவர் ஒருவராகப் போகாதீர்கள். ஊரில் ஊற்றியவர்கள் எல்லோரும் சேர்ந்து பெயர், நிலுவை நாள், லிட்டர், தொகை என்று ஒரே பட்டியல் போடுங்கள். சீட்டு இல்லாதவர்கள் பால் அட்டையின் படத்தையும், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும், முந்தைய வாரங்களில் வந்த வங்கி வரவையும் இணைக்கலாம். பட்டியலைப் பதிவுத் தபாலில் கம்பெனியின் உரிம முகவரிக்கும், ஒரு பிரதியை மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். மனு எண்ணை வாங்காமல் அங்கிருந்து வராதீர்கள். கடைசி வாரக் கணக்கு தீரும்வரை பாலை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். "இந்த வாரம் ஊத்துங்க, பழசையும் சேத்துத் தர்றேன்" என்ற பேச்சுக்கு இசைந்தால் மூன்று வார நிலுவை நான்கு வாரமாகும்.