ஜோஷுவா ட்ரீயா, டெத் வேலியா, அன்சா-பொரேகோவா? பாலைவனத்தில் நடக்கப் போகிறவர்களுக்கு

தெற்குக் கலிபோர்னியாவில் நவம்பர் பிறந்ததும் நண்பர்களுக்குள் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "லாங் வீக்கெண்டுக்குப் பாலைவனப் பக்கம் போகலாமா? எந்தப் பார்க்?" அடிபடுகிற பெயர்கள் பெரும்பாலும் மூன்றுதான். ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி, அன்சா-பொரேகோ. முதல் இரண்டும் தேசியப் பூங்காக்கள். மூன்றாவது கலிபோர்னியா மாநிலப் பூங்கா. மூன்றிலும் பல குளிர்காலங்கள் நடந்திருக்கிறேன். காரில் உட்கார்ந்தபடி சுற்றிப் பார்க்க எது நல்லது என்றால் என் பதில் வேறாக இருக்கும். இங்கே நான் எழுதுவது ஷூவில் மணல் ஏற நடக்க விரும்புகிறவர்களுக்கு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை, அதுவும் பிள்ளைகளோடு என்றால் ஜோஷுவா ட்ரீ. ஒரு தடவையாவது பார்த்தே ஆகவேண்டும் என்றால் டெத் வேலி, ஆனால் குளிர்காலத்தில், குறைந்தது மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு. வருடா வருடம் திரும்பப் போய் நிம்மதியாக நடக்க வேண்டும் என்றால் அன்சா-பொரேகோ. என் மனசு இருப்பது கடைசியில் சொன்னதில்தான்.

ஜோஷுவா ட்ரீயின் பெரிய பலம், சின்னச் சின்ன ட்ரெயில்கள் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பது. ஹிட்டன் வேலி ஒரு மைல் வட்டம். பார்க்கர் டேம் ஒரு மைலுக்குச் சற்று மேல். ஐந்து வயதுக் குழந்தையும் இரண்டையும் ஒரே காலையில் நடந்துவிடும், நடுவில் பாறைகளில் ஏறி விளையாடவும் நேரம் இருக்கும். பெரியவர்களுக்கு ரையன் மலை. போகவர மூன்று மைல்தான், ஆனால் அதற்குள் ஆயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும். உச்சி 5,457 அடி. மேலே நின்றால் உருண்டைப் பாறைக் குவியல்களும், நடுவே சிதறிக் கிடக்கும் மரங்களும், தூரத்து மலைகளும் ஒரே பார்வையில் விரியும். பாறை ஏறுகிறவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து இங்கே வருகிறார்கள். அவர்கள் கயிற்றில் தொங்குவதைக் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே கட்டுச்சோற்றைப் பிரிப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

இந்தப் பூங்காவில் இரண்டு பாலைவனங்கள் சேர்கின்றன. மேற்குப் பக்கம் உயரமான மோஹாவி, ஜோஷுவா மரங்கள் நிற்கும் இடம். கிழக்கே இறங்க இறங்கத் தாழ்வான கொலராடோ பாலை. மரங்கள் மறைந்து, சோயா (cholla) என்கிற கள்ளிச்செடி வரும். மாலை வெயிலில் அந்தச் சோயாத் தோட்டம் தங்க முலாம் பூசியதுபோல மினுங்கும். கிட்டப் போய்த் தொட்டுவிடாதீர்கள். லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று தோலில் ஏறிக்கொள்ளும், கையால் பிடுங்கப் போனால் கையிலும் ஏறும். பையில் ஒரு பழைய சீப்பு வைத்திருங்கள். சீப்பின் பற்களைச் செருகி ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும்.

ஜோஷுவா மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது வருடத்துக்கு ஓரிரு அங்குலம்தான் வளரும். அதற்கு மகரந்தம் சேர்ப்பது யுக்கா அந்துப்பூச்சி மட்டுமே. அந்தப் பூச்சியின் புழுக்களுக்கும் அந்த மரத்தின் விதைகளே உணவு. ஒன்று போனால் மற்றதும் போகும். 2020-ல் பக்கத்து மோஹாவி காப்பகத்தில் பிடித்த ஒரு தீயில் சுமார் 13 லட்சம் ஜோஷுவா மரங்கள் எரிந்துபோயின. அதனால்தான் கிளையில் ஊஞ்சல்படுக்கை கட்டுகிறவர்களைக் கண்டால் நான் போய்ச் சொல்லிவிடுவேன். நீங்களும் சொல்லுங்கள்.

குறை என்று பார்த்தால் கூட்டம். வருடத்துக்கு சுமார் 30 லட்சம் பேர் வருகிறார்கள், பெரும்பாலும் அக்டோபர் முதல் மே வரையிலான வார இறுதிகளில். காலை ஒன்பது மணிக்கு மேல் மேற்கு வாசலில் கார் வரிசை நிற்கும், ரையன் மலையடியில் பார்க்கிங் கிடைக்காது. எட்டு மணிக்குள் உள்ளே போய்விடுங்கள்.

சரி, டெத் வேலிக்கு வருவோம். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இது, 34 லட்சம் ஏக்கர். பேட்வாட்டர் உப்புப் படுகை கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும் டெலஸ்கோப் சிகரம் 11,049 அடி. இந்த ஏற்ற இறக்கத்தைப் புகைப்படத்தில் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. கழுத்து வலிக்க நின்று பார்த்தால்தான் புரியும்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். டெத் வேலியில் நடப்பதைவிடக் கார் ஓட்டுவதுதான் அதிகம். பூங்காவின் மைய இடமான ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து பேட்வாட்டர் 17 மைல் தெற்கே. ஸ்டவ்பைப் வெல்ஸ் மணல்மேடுகள் எதிர்த் திசையில் 20 மைலுக்குக் குறையாது. உபெஹீபி எரிமலை வாய் அதைத் தாண்டி இன்னும் வெகுதூரம். ஒரு பகல் ஒரு இரவு என்று வந்தவர்கள் ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் இறங்கிப் படம் எடுத்துவிட்டுக் களைத்துத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவந்து அப்படித் திரும்புவது வீண்.

நடக்கவென்றே போனால் கோல்டன் கேன்யனும் மொசைக் கேன்யனும் போதும், மனம் நிறைந்துவிடும். மொசைக்கில் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே சுவர்கள் நெருங்கிவரும். வெள்ளத்தில் அடித்துவந்த கற்கள் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு வழவழவென்றிருக்கும், நம் கோயில் கருங்கல் படியைத் தடவுவது போல. கோல்டன் கேன்யனுக்குள் ஒரு காலத்தில் தார்ச்சாலையே இருந்தது. 1976-ல் வந்த ஒரு வெள்ளம் அதைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது, மிச்சத் துண்டுகளை இன்றும் காணலாம். வருடம் முழுக்க இரண்டு அங்குலம் அளவே மழை பெறும் பூமியில் வெள்ளமா என்று கேட்பவர்களுக்கு அந்தத் துண்டுகளே பதில். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் ஒரு வருட மழையை ஒரே நாளில் கொட்டியது. பூங்காவை இரண்டு மாதம் மூடிவைத்தார்கள். பேட்வாட்டரில் ஏரியே உருவாகி, 2024 பிப்ரவரியில் அதில் கயாக் ஓட்டினார்கள். வானம் இருண்டால் கேன்யனுக்குள் போகாதீர்கள். மழை கண்ணுக்கெட்டாத மலையில் பெய்தாலும் தண்ணீர் நம்மைத் தேடி வந்துவிடும்.

கற்கள் தாமாக நகர்ந்து தடம் விடும் ரேஸ்ட்ராக் என்ற வறண்ட ஏரிப் படுகையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மெல்லிய பனித்தகடுகளைக் காற்று தள்ள, அவை கற்களைத் தள்ளுகின்றன என்று 2014-ல் ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் கடைசி 27 மைல் கரடுமுரடான மண்சாலை. சாதாரண காரும் சாதாரண டயரும் தாங்காது. முதல் பயணத்தில் விட்டுவிடலாம்.

அடுத்து வெயில். மூன்றையும் ஒப்பிடுகிறபோது இதுதான் முக்கியம். ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸ் இன்றும் உலகச் சாதனையாகவே பட்டியலில் இருக்கிறது. சாதாரண ஜூலைப் பகலே 47 டிகிரி. கோடையில் தாழ்வான பகுதிகளில் காலை பத்து மணிக்கு மேல் நடக்கவேண்டாம் என்று பூங்காவே எச்சரிக்கிறது. கடும் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் மீட்பு ஹெலிகாப்டரே பறக்க முடியாத நாட்களும் உண்டு. அன்சா-பொரேகோவும் தாழ்வான பூமிதான், கோடையில் 40-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஜோஷுவா ட்ரீயின் மேற்குப் பகுதி மூவாயிரம் அடிக்கு மேல் இருப்பதால் கொஞ்சம் தணிவு. அதனாலேயே அங்கே குளிர்கால இரவுகள் உறைநிலைக்குப் போகும். டென்ட் போடுகிறவர்கள் நல்ல கம்பளி இல்லாமல் போகக்கூடாது.

நம் இலக்கணத்தில் பாலைக்குப் பொழுது நண்பகலும் வேனிலும். பின்பனியும் அதற்கு உரியது என்று சேர்த்துக்கொள்வார்கள். இந்த ஊர்ப் பாலையில் முதல் இரண்டும் உயிரெடுக்கும் பொழுதுகள். நமக்கானது பின்பனி, அதாவது மாசியும் பங்குனியும். மழை ஏற்கெனவே சரியாகப் பெய்திருந்தால் பூக்கள் வரும் காலமும் அதுதான்.

தண்ணீர் விஷயத்தில் என் சொந்த அனுபவம் ஒன்று. ஜோஷுவா ட்ரீயின் தெற்குக் கோடியில் லாஸ்ட் பாம்ஸ் என்ற பனஞ்சோலைக்குப் போகவர ஏழரை மைல் நடை. ஓர் அக்டோபரில் ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொண்டு போனோம். சோலைக்கு இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பி ஏறும்போது பாட்டில் காலி, தலைவலி, கூட வந்த தம்பிக்குக் கால் பின்ன ஆரம்பித்துவிட்டது. எதிரே வந்த ஒரு வயதான தம்பதி தங்கள் தண்ணீரில் ஒரு லிட்டர் தந்தார்கள். அதற்குப் பிறகு ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்பது எங்கள் கணக்கு, அதிகம் நடந்தால் அதற்கும் மேல். பாதித் தண்ணீர் தீர்ந்த இடம் எதுவோ, அங்கேயே திரும்பிவிட வேண்டும். உப்புப் போட்ட கடலையும் ஊறுகாய் வைத்த தயிர்சாதமும் வியர்வையில் போன உப்பைக் கொஞ்சம் ஈடுகட்டும். ஜோஷுவா ட்ரீ பூங்காவின் நடுப்பகுதியில் குழாயே கிடையாது, விளிம்பில் சில இடங்களில் மட்டும் உண்டு. டெத் வேலியில் ஃபர்னஸ் க்ரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ் போன்ற இடங்களில் தண்ணீரும் கடையும் பெட்ரோலும் இருக்கின்றன, பெட்ரோல் விலை மட்டும் திகைக்க வைக்கும். மொபைல் சிக்னலை நம்பாதீர்கள். மேப்பை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி அன்சா-பொரேகோ. சான் டியேகோவிலிருந்து இரண்டு மணி நேரம். கலிபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா, ஆனாலும் நுழைவாயிலே கிடையாது. தேசியப் பூங்காக்கள் இரண்டிலும் காருக்கு 30 டாலர், ஏழு நாளைக்கு. இங்கே கேம்ப்கிரவுண்ட் போன்ற சில இடங்களில் மட்டும்தான் கட்டணம். இன்னொரு சலுகை எனக்குப் பெரிது: மண்சாலை ஓரமாக விரும்பிய இடத்தில் இலவசமாக டென்ட் போட்டுக்கொள்ளலாம். தீ மூட்டுவதாக இருந்தால் உலோகத் தொட்டிக்குள்தான், தரையில் கூடாது. பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர் பூங்காவின் நடுவிலேயே இருப்பதால் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் அலைய வேண்டியதில்லை. இரவு வானத்தைக் காக்கவென்றே விளக்குகளைக் கட்டுப்படுத்திய ஊர் அது. 2009-லேயே அதற்கான சர்வதேச அங்கீகாரம் பெற்றுவிட்டது. இரவு வானத்தில் மற்ற இரண்டும் குறைந்தவை அல்ல. ஆனால் தோசை சாப்பிட்டு முடித்த பிறகு போர்வையை விரித்துப் பால்வீதியைப் பார்க்கிற வசதி இங்கேதான்.

நடைக்கு பொரேகோ பாம் கேன்யன். போகவர மூன்று மைல். காய்ந்த ஓடையோரம் கல்லும் மணலுமாக நடந்துபோனால் திடீரென்று தண்ணீர்ச் சத்தம், பிறகு விசிறிப் பனைகள். கலிபோர்னியாவில் இயற்கையாக வளரும் ஒரே பனை இனம். நம் ஊர்ப் பனையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, காய்ந்த மட்டைகள் பாவாடை போலத் தொங்கும் அந்த மரங்களைக் காணும்போது நெஞ்சு நெகிழும். 2004 வெள்ளம் பல பனைகளைச் சாய்த்தது. 2020 தொடக்கத்தில் தீயும் பிடித்தது. கருகிய அடிமரங்களின் தலையில் பச்சை ஓலை துளிர்த்து நிற்பதை நானே பார்த்தேன். வழியில் பெருங்கொம்பு ஆடுகளைக் காணும் வாய்ப்பு மூன்று பூங்காக்களிலும் இங்கேதான் அதிகம் என்பது என் அனுபவம். ஸ்பானிய மொழியில் ஆட்டைக் குறிக்கும் 'பொரேகோ'தான் பெயரிலும் இருக்கிறது. இங்குள்ள இனம் 1998 முதல் அழியும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. கண்டால் நின்றுவிடுங்கள், பின்னால் போகாதீர்கள்.

இங்கும் குறை உண்டு. ட்ரெயில் பலகைகள் குறைவு. பாதிக்கு மேற்பட்ட நல்ல இடங்களுக்கு மண்சாலை வழியாகத்தான் போக வேண்டும். பூக்கள் பொங்கிய 2017, 2019 வசந்தங்களில் ஊரே தாங்காத கூட்டம், சாலை முழுக்கக் கார்கள். அப்படிப்பட்ட வருடமென்றால் வார நாளில் போங்கள், இல்லாவிட்டால் போகாமல் இருந்துவிடுங்கள்.

மூன்று நாள் விடுமுறையும் ஆசையும் இருந்தால் இரண்டைச் சேர்த்துப் பார்க்கலாம். முதல் நாள் ஜோஷுவா ட்ரீயில் மேற்கு வாசலில் நுழைந்து, மறுநாள் தென்வாசல் வழியாக இறங்கி, இண்டியோ தாண்டி, சால்டன் ஸீ ஓரமாகத் தெற்கே வந்து மேற்கே திரும்பினால் பொரேகோ ஸ்பிரிங்ஸ். தென்வாசலிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஊருக்கு முன்னாலேயே வலப்பக்கம் அல்ல, இடப்பக்கம் ஃபான்ட்ஸ் பாயின்ட் என்ற செங்குத்து விளிம்புக்கு ஒரு மணல் ஓடை பிரியும். நான்கு மைல். நான்கு சக்கரத்துக்கும் இழுவிசை உள்ள வண்டி என்றால் மட்டும் இறக்குங்கள், மணலில் சிக்கினால் இழுத்துவிட ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். சூரியன் சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு அந்த விளிம்பில் இருந்தால், கீழே மண்மடிப்புகள் ஒவ்வொன்றாக நிழல் பூசிக்கொள்வதைக் கடைசி வெளிச்சம் வரை பார்க்கலாம்.