தெருவுக்கு எட்டு கேமரா, ஒரு வாட்ச்மேன்: மூன்று வருட அனுபவம்

எங்கள் தெருவில் மொத்தம் 46 வீடு. வீட்டுக்கு 2,000 ரூபாய் வசூலித்து, 92,000 ரூபாய்க்கு எட்டு சிசிடிவி கேமரா, பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் ஒன்று, 2 டிபி ஹார்ட் டிஸ்க், கேபிள், கம்பத்தில் மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து வாங்கினோம். அதே மாதம் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியிடம் சொல்லி இரவுக்கு ஒரு வாட்ச்மேனும் போட்டோம். சங்கத்தில் கணக்கு பார்ப்பவன் நான். அதனால் இந்த இரண்டைப் பற்றிய பில்லும் புகாரும் என் கை வழியாகத்தான் போயின. பக்கத்துத் தெருக்காரர்கள் எவ்வளவு ஆச்சு, உபயோகமா இருக்கா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். கடையின் பெயரும் ஏஜென்சியின் பெயரும் இதில் வராது, விசாரித்த வரைக்கும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

மார்க் முதலிலேயே போட்டுவிடுகிறேன். கேமராவுக்கு ஐந்துக்கு மூன்று. மாட்டிக் கொடுத்தவர்களுக்கு ஒன்றரை. வாட்ச்மேனுக்கு ஐந்துக்கு ஐந்து. அவரை அனுப்பிய ஏஜென்சிக்கு ஒன்று.

சென்னையில் தெருவுக்குத் தெரு கேமரா வந்தது எப்படி என்று பலருக்கும் நினைவிருக்கும். 2017-ல் ஏ.கே. விசுவநாதன் கமிஷனராக வந்த பிறகு 'மூன்றாவது கண்' என்ற பெயரில் போலீஸ் இதைப் பெரிய இயக்கமாகவே நடத்தியது. குடியிருப்போர் சங்கங்களையும் வியாபாரிகளையும் கூப்பிட்டுப் பேசினார்கள், ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா என்பது இலக்கு. செலவில் பெரும்பகுதி எங்களைப் போன்ற பொதுமக்களுடையதும் கடைக்காரர்களுடையதும்தான். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, நம் தெருவுக்கு நாம்தானே செய்கிறோம். ஆனால் மாட்டிய பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது என்று அன்றைக்கே யாரும் பேசாமல் விட்டது பெரிய தப்பு. இப்போது ஊரைச் சுற்றி வந்து பாருங்கள், தலை தொங்கி தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேமராக்கள் எத்தனை என்று. எங்கள் தெருவிலும் ஒரு கட்டத்தில் எட்டில் மூன்றுதான் ஓடியது.

முதல் சோதனை வந்தது மாட்டிய ஏழாவது மாதம். விடிகாலையில் கோலம் போட வெளியே வந்த மூன்றாவது வீட்டு அத்தையின் செயினை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து க்ரைம் டீம் ஏட்டு ஒருவர் வந்தார். டிவிஆர் முன்னால் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், இதுல டைம் எவ்வளவு தள்ளி ஓடுது?" எங்களுக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. தன் செல்போனில் நேரத்தைத் திறந்து மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டார். 23 நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தெருவில் இத்தனை மணிக்குக் கடந்த பைக் அடுத்த தெருவுக்கு இத்தனை மணிக்கு வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, கேமரா கேமராவாகப் பின்தொடர்ந்து போவதுதான் அவர்கள் வேலை. நேரம் தப்பாக இருந்தால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். மாட்டிய கடைக்காரர் இன்டர்நெட் இணைப்பு கொடுத்து, நேரம் தானாகச் சரியாகிற செட்டிங்கை ஒரு தடவை தட்டியிருந்தால் போதும், இரண்டு நிமிட வேலை.

நம்பர் பிளேட் தெரிந்ததா என்றால் இல்லை. எட்டு கேமராவும் 3.6 மில்லிமீட்டர் லென்ஸ். தெரு முழுவதும் அழகாக விரிந்து தெரியும், பத்துப் பதினைந்து அடிக்கு மேல் தள்ளி இருக்கும் முகமும் நம்பரும் புள்ளி புள்ளியாகிவிடும். இருட்டில் இன்னும் மோசம், நம்பர் பிளேட்டில் இருக்கும் பளபளப்பான பூச்சு கேமராவின் இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத) வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடித்து வெள்ளைக் கட்டமாகத்தான் பதிவாகும். தெருவின் இரண்டு முனையிலும் ஜூம் வைத்த கேமரா தனியாக ஒன்று, நம்பர் பிளேட்டுக்கு என்றே தாழ்வாகப் போட வேண்டும் என்று அந்த ஏட்டுதான் சொல்லிவிட்டுப் போனார். காசு வாங்கியவர் சொல்லவில்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. எனக்கு இன்று வரை ஆறாதது இரண்டாவது சம்பவம். ஒரு வீட்டில் வளையல் காணவில்லை. வேலைக்கு வரும் அக்கா மீது சந்தேகம். காணாமல் போனதையே அவர்கள் பத்து நாள் கழித்துத்தான் கவனித்தார்கள். அந்த அக்காவே சங்கத்துக்கு வந்து சொன்னார், "கேமராவைப் போட்டுப் பாருங்க சார், அன்னைக்கு நான் அந்த வீட்டுப் பக்கமே வரலை." போய்ப் பார்த்தால் பதிவு இல்லை. கடைக்காரர் எங்களுக்கு வாயால் சொன்ன கணக்கு 30 நாள். உண்மைக் கணக்கு இது: ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) வேகத்தில் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 43 ஜிபி, எட்டு கேமராவுக்கு 345 ஜிபி. 2 டிபி டிஸ்க் ஆறு நாள் கூடத் தாங்காது, அதற்குப் பிறகு பழையது அழிந்து அதன் மேலேயே புதியது எழுதிக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து வளையல் பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது. அதற்குள் அந்த அக்கா தெருவில் நான்கு வீட்டு வேலையை இழந்திருந்தார்.

கேமரா திருடனைப் பிடிக்க மட்டும் என்றே நாங்கள் நினைத்து வாங்கியிருந்தோம். தப்பே செய்யாத ஒருவருக்கு அது ஒரே சாட்சியாக இருக்க முடியும் என்பது அன்று அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் தாக்கப்பட்டு இறந்துபோனபோது, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு விஷயம் இருந்தது. ஸ்டேஷன் கேமராவுக்கு 1 டிபி டிஸ்க் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட் செய்யப்பட்டிருந்தது. அன்று அதைப் படித்துக் கொதித்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். அதே வருடம் டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த அளவுக்குக் கருவி கிடைக்காத இடத்தில் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஸ்டேஷனிடம் நாம் கேட்கிற அதே பொறுப்பு, அளவில் சின்னதாக இருந்தாலும், நம் தெரு டிவிஆருக்கும் உண்டு என்று சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டுத்தான் அடுத்த செலவுக்குச் சம்மதம் வாங்கினேன்.

அந்த இரண்டாவது செலவு 38,000 ரூபாய். எச்.265 என்ற, வீடியோவை இன்னும் சுருக்கும் வகையில் பதிவு செய்யும் புது ரெக்கார்டர், 6 டிபி டிஸ்க், அதுவும் கம்ப்யூட்டருக்குப் போடுவது இல்லை, இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று சிசிடிவிக்காகவே தனியாக விற்பது. ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் வைத்தோம், இப்போது ஏறக்குறைய நான்கு வாரம் நிற்கிறது. முனைகளில் இரண்டு ஜூம் கேமரா. ஒரு யுபிஎஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் நாட்கணக்கில் கரண்ட் இல்லை, பல வீடுகள் பூட்டிக் கிடந்த அந்த நாட்களில் கேமராவும் செத்துக் கிடந்தது. யுபிஎஸ் நாட்கணக்கில் தாங்காதுதான், ஆனால் தினமும் வந்துபோகும் பவர் கட்டுக்குப் போதும்.

பராமரிப்பு என்று பார்த்தால், மாதம் ஒரு தடவை ஒரு நீளக் கம்பில் துணி சுற்றித் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸ் முன்னால் வலை கட்டினால் ராத்திரி முழுவதும் ஒரு வெள்ளை நூல் ஆடுவதுதான் பதிவாகும். கடற்காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூத்துவிடும், அதனால் வெளியே இருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் மூடிய பெட்டி கேளுங்கள். இப்போது 'ஏஐ கேமரா' என்று விற்க வருகிறார்கள். ஒரு மாதம் சோதனைக்கு வைத்துப் பார்த்தோம், தெரு நாய்க்கும் மாட்டுக்கும் சேர்த்து ராத்திரியெல்லாம் அலாரம் அடித்தது, திருப்பி அனுப்பிவிட்டோம்.

அப்புறம், யார் பார்ப்பது என்ற விஷயம். ஆரம்பத்தில் சங்கத்தில் ஐந்து பேர் செல்போனில் ஆப் இருந்தது, கடைக்காரர் வைத்துவிட்டுப் போன அதே எளிதான பாஸ்வேர்டு. 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க டிவிஆர்களையும் கேமராக்களையும் கைப்பற்றியது இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளால்தான். ஆனால் வெளியில் இருக்கும் ஹேக்கரை விட எனக்குக் கவலை தந்தது உள்ளே இருப்பவர்கள். ஷிஃப்ட் முடிந்து இரவில் வரும் ஒரு பெண்ணிடம் கமிட்டிக்காரர் ஒருவர், "நேத்து பதினொன்றரைக்கு வந்தீங்க போல" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் வந்து அழுதார். அன்றைக்கே எல்லோருடைய ஆப்பையும் எடுத்தோம். இப்போது பதிவைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பேர் சேர்ந்து பார்க்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், எதற்காக, எந்த நேரத்துப் பதிவு என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வீட்டு வாசலை நேராகப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவையும் திருப்பினோம். கேமரா வாங்குகிற சங்கம் இந்த நோட்டை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

போலீஸ் பதிவு கேட்டால் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கோர்ட்டில் அது நிற்க வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ம் பிரிவு. கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். அத்தையின் செயின் வழக்குக்கு நான் இரண்டு தடவை ஸ்டேஷனுக்குப் போனேன். உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

வாட்ச்மேன் பற்றி. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர், ஐம்பத்தெட்டு வயது, எல்லோருக்கும் அண்ணன். இரவு எட்டு முதல் காலை எட்டு. யார் வீட்டில் யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், எந்தப் பையன் எந்தப் பைக், எந்தக் கதவு தாழ் போடாமல் இருக்கிறது எல்லாம் அவருக்குத் தெரியும். ரோந்து வரும் போலீஸ்காரர் பட்டா புத்தகத்தில் (ரோந்து வந்ததற்கான நோட்டு) கையெழுத்துப் போட்டுவிட்டு இவரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போவார், அந்த இரண்டு நிமிடம் எங்கள் எட்டு கேமராவுக்குச் சமம். ஒரு நாள் ராத்திரி ஒரே பைக் மூன்று தடவை சுற்றுவதைக் கவனித்து விசில் அடித்து ஸ்டேஷனுக்கும் போன் போட்டவர் அவர்தான். கேமராவில் அது பதிவாகியிருந்தது, பார்க்கத்தான் அந்த நேரத்தில் யாரும் இல்லை.

நாங்கள் ஏஜென்சிக்கு மாதம் 18,000 கொடுத்தோம். அண்ணன் கைக்குப் போனது 11,500 என்று ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பி.எஃப். பிடிப்பதாகச் சொன்னார்கள், நம்பர் கேட்டால் அடுத்த மாதம் என்றார்கள். வார லீவுக்கு மாற்று ஆள் கிடையாது. 2005-ன் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டப்படி ஏஜென்சிக்கு லைசென்ஸ் வேண்டும், ஆளுக்குப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், பின்புலம் சரிபார்த்திருக்க வேண்டும், போட்டோ ஒட்டிய அடையாள அட்டை தர வேண்டும். எங்களுக்கு வந்தது ஒரு சட்டையும் ஒரு தொப்பியும். நாங்களும் லைசென்ஸ் காப்பி கேட்கவில்லை, அது எங்கள் தப்பு. அவருக்கு ராத்திரி போக ஒரு கழிப்பறை கூட இல்லாமல் எட்டு மாதம் பஸ் ஸ்டாண்டு வரை நடந்திருக்கிறார், வாய் திறந்து கேட்கவே இல்லை. இப்போது முதல் பிளாட்டின் கீழ்த்தளக் கழிப்பறைச் சாவி அவரிடம் இருக்கிறது, ஒரு நாற்காலியும் மின்விசிறியும் போட்டிருக்கிறோம்.

வேலை செய்த அக்காவிடம் அந்த வீட்டு அம்மாவும் நானும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் திரும்ப எங்கள் தெருவுக்கு வரவில்லை, இரண்டு தெரு தள்ளி வேலை செய்கிறார்.

இந்த ஜனவரியில் ஏஜென்சியை மாற்றுகிறோம். லைசென்ஸ் காப்பியும் பி.எஃப். நம்பரும் கையில் வந்த பிறகுதான் முதல் மாதப் பணம் என்று எழுதியிருக்கிறோம். ஆள் மட்டும் அதே அண்ணன்தான் வேண்டும், சம்பளம் 15,000-க்குக் குறையாமல் அவர் கணக்கில் நேராக ஏற வேண்டும் என்பது முதல் நிபந்தனை. இரண்டு ஏஜென்சிகள் முடியாது என்று சொல்லிவிட்டன, மூன்றாவதாகப் பேசியவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.